கடல் தெரிஞ்ச பையன்

அமெரிக்காவுல படிக்க என்ன வேணும்னா கேக்கீங்க? அப்பா வேணும் அண்ணாச்சி. நல்லா எடுப்பான அப்பா. மார்க்கெல்லாம் அதுக்குப் பொறவுதான்.

சிரிக்காதீங்க. உங்க மகளுக்கு அங்க இடம் பாக்கீங்கன்னு சொன்னீங்களே, அதுக்காகத்தான் சொல்லுதேன். நீங்க என்ன வேலை பாக்கீங்க? மின்வாரியமா? கஷ்டம். மின்வாரியத்த வச்சு ஒண்ணும் எழுத முடியாது. உங்க வீட்டுல யாராவது கம்பத்துலருந்து விழுந்திருக்காங்களா? இல்லையா? சரி, விடுங்க. நல்லதுதான்.

நான் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. இந்த பஸ்ஸு போற போக்குக்கு ஒரு மணி நேரம்னே வச்சுக்கோங்க. சொல்லுதேன், கேளுங்க.

என் பேரு ரெமிஜியுஸ். வீட்டுல ரெமி. மணப்பாடு தாண்டி கடக்கரையோரம் ஊரு. அப்பா சந்தியாகு பர்னாந்து, பைபர் போட்டு, அதான் பைபர் படகு, அத வச்சுக் கடலுக்குப் போறாரு. நான் ஆறாங்கிளாஸ்லருந்து பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல. பி.எஸ்ஸி. விலங்கியல் முடிக்கிற வரைக்கும் ஹாஸ்டல்தான். கடல எப்பப் பாப்பேன்னா, லீவுக்கு வரும்போது வீட்டு ஜன்னல் வழியா. செருப்புல மணல் ஒட்டும்னு அதுக்கு மேல நான் போறதில்ல. அப்பாவும் கூப்பிட்டதில்ல. ஒரு தடவ கூட, போட்டுக்கு வாலன்னு கூப்பிட்டதில்ல. அத ஒரு குறையா சொல்லல. சும்மா சொல்லுதேன்.

படிப்பு முடிஞ்சு, வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்லுத ஒரு ஆள்ட்ட போனேன். என் மார்க் ஷீட்டப் பாத்துட்டுக் கொட்டாவி விட்டாரு.

"இதே மார்க்க வச்சுக்கிட்டு இன்னைக்கு நீங்க எட்டாவது ஆள் தம்பி. கதை ஏதாவது இருக்கா?"

"என்ன கதை சார்?"

"அப்பா என்ன பண்றாரு?"

"மீன் பிடிக்காரு."

அந்த மனுசன் நாற்காலியிலருந்து எந்திச்சுட்டாரு அண்ணாச்சி. எனக்கு ஒரு காப்பி வந்துச்சு. "கடல்ல யாராவது தவறியிருக்காங்களா?"ன்னாரு. சித்தப்பான்னேன். "அருமை"ன்னாரு. பொறவு நாக்கக் கடிச்சுக்கிட்டு "அடடா"ன்னாரு.

அப்படி எழுதுனதுதான் அந்தக் கட்டுரை. ரெண்டு பக்கம், நல்ல இங்கிலீஷு. எழுத்தப் படிக்க முன்னாடியே நான் அலையப் படிச்சேன்னு ஆரம்பம். அஞ்சு வயசுல அப்பா என்னத் தூக்கி போட்டுல வச்சாராம். ஒம்பது வயசுல சில்வேஸ்டர் சித்தப்பா காணாமப் போனப்ப, அப்பாவும் நானும் மூணு நாள் கடல்ல தேடினோமாம். சித்தப்பா பேரக் கத்திக் கத்தி எனக்குத் தொண்ட கட்டிப் போச்சாம். அலை மட்டும் பதில் சொன்னதுன்னு முடிச்சிருந்தேன். நல்லாருக்குல்ல?

பொய்யின்னு சொல்லாதீங்க. சித்தப்பா போனது நெசம். அப்பா தேடுனது நெசம். நான் ஒருத்தன் மட்டுந்தான் அதுல கூடுதல். எனக்கு அப்ப ஒரு வயசு. வயச ஒரு எட்டு கூட்டிட்டேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது எல்லாரும் செய்யறதுதான அது?

ரெண்டு மாசத்துல இடம் கிடைச்சிட்டு. முழுக் கட்டணச் சலுகையோட.

பல்கலைக்கழகம்னா பெரிசா நெனச்சிராதீங்க. எங்க ஹாஸ்டல் மெஸ்ல நாலு பந்திக்கு உக்காருத கூட்டம்தான் அங்க மொத்தப் பிள்ளைங்களும். மெய்ன்னு ஒரு மாநிலம், அமெரிக்காவுக்கு வடகிழக்கு மூலை. பாறை மேல கட்டியிருக்கு. மூணு பக்கம் கடலு, நாலாவது பக்கம் மூடுபனி. ஊருல ஒரு கடை, ஒரு தேவாலயம், ஒரு ஹோட்டலு. அந்த ஹோட்டல்ல, கடல்லருந்து எது வந்தாலும் பால ஊத்திக் கொதிக்க வச்சிருவாங்க. வெளிநாட்டுப் பிள்ளைங்க நாங்க பதினோரு பேரு. பதினோரு பேரையும் வேற வேற இடத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்துக்கிட்டே இருப்பாங்க. பாக்கறவங்க நூறு பேருன்னு நெனைக்கணுமாம்.

என் பேராசிரியர் டாக்டர் ஹேல்னு ஒரு அம்மா. ரெண்டு மணி நேரம் கார் ஓட்டி ஏர்போர்ட்டுக்கு அவங்களே வந்திருந்தாங்க. குளிருமேன்னு அவங்க மகனோட கோட்டு ஒண்ணு கொண்டாந்திருந்தாங்க. போட்டுப் பாத்தா கை நீளம். அளவு கூடப் பாக்காமக் கொண்டாந்திருக்காங்க, பாருங்க. காருல ஏறினதும், "உன் கட்டுரைய வாசிச்சு அழுதுட்டேன் ரெமி"ன்னாங்க. டீன் என்னடான்னா, என் பேரு அவருக்குச் சட்டுன்னு வாயில வந்துட்டுன்னு கொஞ்சம் ஏமாந்து போனாரு. கஷ்டமான பேரா இருக்கும்னு பழகி வச்சிருந்தாரு போலிருக்கு.

மறுநாளே என்னப் பாறை மேல நிறுத்தித் தோளுல ஒரு வலையப் போட்டு போட்டோ எடுத்தாங்க. அந்த வலை, ஹோட்டல் சுவத்துல அழகுக்கு மாட்டியிருந்தது. அதுல சின்னச் சின்ன பல்பு கோத்திருந்துச்சு. பல்ப அவுக்க அர மணி நேரம். பல்கலைக்கழகத்து வெப்சைட்டத் தொறந்தா மொதல்ல நான்தான். "கடலை அறிந்தவர்"னு கீழ எழுதியிருப்பாங்க. நான் அவங்களத் தடுக்கலையேன்னு கேப்பீங்க. அவ்வளவு சந்தோசமா இருக்கிறவங்கள எப்படித் தடுக்க?

பொறவு ஆராய்ச்சிப் படகுல கூட்டிட்டுப் போனாங்க. ஏறினதும் ஒருத்தன் கயித்த எங்கையில குடுத்து, "உங்க ஊரு முடிச்ச எங்களுக்குக் காட்டு"ன்னான். ஷூவுக்குப் போடற முடிச்சப் போட்டேன். ரெண்டு பேரு அத வீடியோ எடுத்தாங்க. படகு துறைய விட்டுப் போயி பத்து நிமிசம் இருக்காது, நான் கம்பியப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சவன், திரும்பி வர்ற வரைக்கும் நிமிரல. டாக்டர் ஹேல் முதுகத் தடவிக் குடுத்தாங்க. "எங்க கடலு வெதுவெதுன்னு இருக்கும், குளிர் கடலு எங்க வயித்துக்கு ஒத்துக்காது"ன்னு சொன்னேன். அத ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க அண்ணாச்சி! படிச்சவங்க, இருபது வருசமா கடல ஆராய்ச்சி பண்ணுதவங்க!

இப்படியே ஓட்டியிருக்கலாம். ஏப்ரல் மாசம் அந்தம்மாவுக்கு ஒரு யோசனை வந்துச்சு. மீனவர்களோட அறிவப் பத்தி ஒரு வகுப்பு. உள்ளூர்லருந்து டெல்பர்ட்னு ஒரு பெரியவர் வருவாராம். லாப்ஸ்டர் பிடிக்கிறவரு. நம்ம சிங்கி றாலு, அந்தப் பெரிய எறா இருக்குல்ல, அதுக்கு ரெண்டு பெரிய கொடுக்கு வச்சாப்புல இருக்கும் அது. அவரோட சேந்து, வீடியோவுல எங்கப்பா.

"எங்கப்பா கடலுக்குப் போயிருப்பாரே"ன்னேன். "அவருக்குத் தோதான நாள்ல வச்சுக்குவோம்"னாங்க. "அவரு பேசுத தமிழு புரியாதே"ன்னேன். "அதுக்குத்தான் நீ இருக்கியே"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. ஆள விடாத சிரிப்பு.

அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, அவங்க என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிருங்க."

"என்ன கேப்பாங்க?"

"நான் உங்ககூட கடலுக்கு வந்திருக்கேனான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லணும்."

"நீ எப்பல வந்த?"

"சொல்லுங்கப்பா. ஒரு மரியாதைக்கு."

"சரி"ன்னாரு. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.

அங்க காலையில ஒம்பது மணி, இங்க சாயங்காலம் ஆறரை. வகுப்புல நாப்பது பேரு. டீன் வந்து முன் வரிசையில உக்காந்திருக்காரு. டெல்பர்ட் ரப்பர் பூட்ஸோட கடைசி வரிசையில. சுவரு முழுக்க எங்கப்பா மூஞ்சி. குளிச்சு, தல சீவி, பூசைக்குப் போற வெள்ளச் சட்டைய மேல் பட்டன் வரைக்கும் போட்டு உக்காந்திருக்காரு. அவ்வளவு பெரிசா எங்கப்பாவ நான் பாத்ததே இல்ல.

"அலையப் படிக்க உங்க மகனுக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"ன்னு டாக்டர் ஹேல் மொதல்ல கேட்டாங்க.

நான் கேட்டேன். அப்பா "ஆமா"ன்னாரு. அத நான் இங்கிலீஷ்ல ரெண்டு நிமிசம் சொன்னேன். எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. இன்னொரு கேள்வி. அப்பா "ஆமா ஆமா"ன்னாரு. நாலு நிமிசம். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

அதோட அந்தம்மா விட்டிருக்கலாம். திடீர்னு எந்திச்சு நெஞ்சுல கைய வச்சு, "உங்க தம்பி சில்வேஸ்டருக்காக நாங்க எல்லாரும் வருத்தப்படுதோம். நீங்களும் உங்க மகனும் மூணு நாள் தேடினத என்னால மறக்க முடியல"ன்னாங்க.

இங்கிலீஷு தெரியாட்டாலும் பேரு தெரியும்ல?

"என்னல? சில்வேஸ்டர்னு சொல்லுதாவ?"

"ஒண்ணுமில்லப்பா. சித்தப்பா நல்லா இருக்காரான்னு கேக்காங்க."

வாயில வந்துட்டு அண்ணாச்சி. நான் என்ன செய்ய? நாப்பது பேரு எம்மூஞ்சியப் பாக்காங்க.

அப்பா அப்படியே பாத்துக்கிட்டு இருந்தாரு. நெட்டு நின்னுட்டுன்னு நெனச்சேன். நிக்கல. அவருக்குப் பின்னால காலண்டரு காத்துல ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"அவன் பேர அந்தம்மாவுக்கு யாரு சொன்னது?"

"நான்தாம்ப்பா."

"என்னன்னு சொன்ன?"

அவரு என்ன சொல்லுதாருன்னு டாக்டர் ஹேல் கேட்டாங்க. "நன்றி சொல்லுதாரு"ன்னேன். எங்கப்பா மூஞ்சியில நன்றியெல்லாம் ஒண்ணும் இல்ல. அது நாப்பது பேருக்கும் தெரிஞ்சுது.

அப்பதான் கடைசி வரிசையிலருந்து அந்த டெல்பர்ட் எந்திச்சு வந்தாரு. அவர யாரும் கூப்பிடல. வந்து கேமராவுக்கு மூஞ்சியக் காட்டி, எங்கிட்ட, "அன்னைக்குத் தண்ணி எப்படி ஓடிச்சுன்னு உங்கப்பாகிட்ட கேளு"ன்னாரு.

கேட்டேன். "யாரு அவரு?"ன்னாரு அப்பா. "மீன் பிடிக்கிறவருப்பா"ன்னேன். அப்பா சட்டை மேல் பட்டனக் கழத்தி விட்டுட்டு முன்னால நகந்து உக்காந்தாரு.

"மேல சோநீவாடுன்னு சொல்லு. அடியில அப்படியில்லன்னு சொல்லு."

"அதுக்கு எனக்கு இங்கிலீஷ்ல தெரியாதுப்பா."

"தமிழ்ல தெரியுமால?"

தெரியாது. அதுக்கு என்ன இப்ப? விலங்கியல் பாடத்துல அந்த வார்த்தை இல்ல. தெக்கேருந்து வடக்க தண்ணி இழுக்கறதுக்கு அப்படிப் பேராம். அதயும் அப்பாவே கையால காட்டினாரு. ஒரு கைய மேல வச்சு ஒரு பக்கமா இழுத்தாரு, இன்னொரு கைய அதுக்குக் கீழ வச்சு எதிர்ப்பக்கமா இழுத்தாரு. டெல்பர்ட் ரெண்டு கையையும் அதே மாதிரி வச்சு இழுத்துக் காட்டினாரு. அப்பா "ஆங்!"ன்னாரு. டெல்பர்ட்டும் "ஆங்"ன்னாரு.

அதுக்குப் பொறவு எனக்கு வேலை இல்ல. ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அப்பா ஒரு தாம்பாளத்த எடுத்து முன்னால வச்சு, தீப்பெட்டிய போட்டாக்கி, மொத நாள் தேடுன எடம், ரெண்டாம் நாள் தேடுன எடம், மூணாம் நாள் பாதியில திரும்புன எடம்னு நகத்தி நகத்திக் காட்டுதாரு. டெல்பர்ட் தொப்பியக் கழத்திட்டாரு. அவரு போர்டுல ஒரு பாறைய வரைஞ்சு, அதுக்குப் பக்கத்துல ஒரு பெருக்கல் குறி போட்டாரு. அப்பா தன் தோளுக்குக் கீழ கைய வச்சு, தம்பியான்னு கேக்கற மாதிரி உயரம் காட்டினாரு. நான் மைக்க எடுத்தேன். அதுக்குள்ள டெல்பர்ட் தலையாட்டிட்டாரு. அவருக்கும் ஒரு தம்பியாம். கடல்ல போயி முப்பது வருசமாம்.

மைக்கப் புடிச்சுக்கிட்டு அந்த ரூம்ல ஒண்ணும் புரியாம நின்ன ஒரே ஆளு நான்தான். எம்.எஸ். படிக்க வந்தவன்! அவ்வளவு பேரு முன்னால பெத்த மகன இப்படியா நிறுத்தறது?

முக்கால் மணி நேரம் கழிச்சு அப்பா டெல்பர்ட்டப் பாத்துக் கும்பிட்டுட்டு போன வச்சுட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

வராந்தாவுல அந்த டெல்பர்ட் டாக்டர் ஹேல்கிட்ட, "இந்தப் பையன் போட்டுல கால் வச்சதே இல்லம்மா. அவங்கப்பா வைக்க விட்டிருக்க மாட்டாரு. நானா இருந்தாலும் விட மாட்டேன்"னாரு. காட்டிக் குடுக்கிறதக் கூட எவ்வளவு அன்பாச் செய்தாரு, பாருங்க.

மூணு வாரம் என்ன வச்சுக்கலாமா அனுப்பலாமான்னு பேசினாங்க. டாக்டர் ஹேல்தான் எனக்காகச் சண்ட போட்டாங்கன்னு ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொல்லிச்சு. செஞ்சிருக்கலாம். மொதல்ல கதை கேட்டு அழுதது அவங்கதான? கடைசியில என்னக் கூப்பிட்டு, "நடந்தத நடந்தபடி ரெண்டு பக்கம் புதுசா எழுதிக் குடு, போதும்"னாங்க. என்னைய அங்க கொண்டு போன அதே வேலைதான! அதுக்குப் பேரு மன்னிப்பாம். கடலுக்குப் போக வேண்டாம்னு மீன் கணக்கெடுப்புப் புள்ளிவிவரத்துக்கு என்ன மாத்தினாங்க. கம்ப்யூட்டர்ல உக்காந்து எண்ணணும். எனக்கு அது நல்லாவே வருது, அது வேற விசயம். ஆனா வெப்சைட்டுலருந்து என் போட்டோவ எடுத்துட்டாங்க. அந்த எடத்துல இப்ப யாரு தெரியுமா? எங்கப்பா. தாம்பாளமும் தீப்பெட்டியுமா.

அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, ஞாயித்துக்கிழமை ஆனா டெல்பர்ட்டும் அப்பாவும் வீடியோவுல பேசுதாங்களாம். அவருக்குத் தமிழு தெரியாது, இவருக்கு இங்கிலீஷு தெரியாது. அவரு லாப்ஸ்டர் பிடிக்கிற கூண்டக் காட்டுவாராம், இவரு வலையக் காட்டுவாராம். கடைசியில டெல்பர்ட் என் பேரச் சொல்லிக் கட்ட விரல நிமித்திக் காட்டுவாராம். ரெமி நல்லாருக்கான்னு அர்த்தமாம். அம்மா சொன்னாங்க. அப்பா எங்கிட்ட பேசல. ரெண்டு மாசம். எப்ப போன் போட்டாலும் அம்மா, "அப்பா குளிக்காருய்யா"ம்பாங்க. அந்த ரெண்டு மாசமும் எங்கப்பா குளிச்ச குளிப்புக்கு...

போன வாரம்தான் அவரே போன எடுத்தாரு.

"லீவு எப்ப?"

"அடுத்த வாரம்ப்பா."

"வா. சில்வேஸ்டரப் பத்தி நீ எழுதுனதக் கொண்டா. தமிழ்ல எழுதிக் கொண்டா. வந்து வாசி."

"எதுக்குப்பா?"

"பிலோமியும் கேக்கணும்."

பிலோமின்னா எங்க சித்தி. சில்வேஸ்டர் சித்தப்பா சம்சாரம். சித்தப்பா போகும்போது அவங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். இன்னைக்கும் எங்களுக்கு அடுத்த வீடுதான். வேற எங்கயும் போகல. அந்த மூணு நாளப் பத்தி அவங்க முன்னால இதுவரைக்கும் யாரும் பேசினதில்ல. அப்பா கூடப் பேசினதில்லயாம். இப்ப அம்மா சொல்லுதாங்க, என்ன ஆறாங்கிளாஸ்ல ஹாஸ்டலுக்கு அனுப்புனதே சித்திதானாம். "இவன் காலு தண்ணியில நனையக் கூடாது"ன்னு அப்பாகிட்ட சத்தியம் வாங்கிட்டாங்களாம். அவங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நான் என்ன அவங்க பெத்த பிள்ளையா?

மொழிபெயர்க்கிறது லேசுன்னுதான் நெனச்சேன். நான் எழுதுனது, எனக்குத் தெரிஞ்ச தமிழு. பிளேன்ல பதினாலு மணி நேரம் இருக்கே, முடிச்சிரலாம்னு உக்காந்தேன். மொத வரி, அலையப் படிச்சேன். அத எங்கப்பா முன்னால எப்படி வாசிக்க? அடிச்சேன். அஞ்சு வயசுல போட்டு. அடிச்சேன். கத்துனது, தொண்ட கட்டுனது, அடிச்சேன். அலை மட்டும் பதில் சொன்னது. அத எழுதிப் பாத்தேன் அண்ணாச்சி, சித்தி எதுக்க உக்காந்திருக்க மாதிரி நெனச்சு ஒரு தடவ வாசிச்சும் பாத்தேன். பக்கத்து சீட்டுக்காரரு தண்ணி வேணுமான்னு கேட்டாரு.

இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் வந்தது, தமிழ்ல எட்டு வரிதான் தேறிச்சு. தமிழ்ல எடம் பத்தல போலிருக்கு. மொழி அப்படி, நான் என்ன செய்ய?

இந்தா, கோயில் தெரியுது. நான் இறங்கணும். அந்தப் பைய இங்கிட்டுத் தள்ளுங்க. கண்டக்டரே, ஆள் இறங்கணும்! ஒரு நிமிசம் அண்ணாச்சி, கடைசி வரிய மட்டும் கேட்டுட்டுச் சொல்லுங்க. "அப்ப எனக்கு ஒரு வயசு. சித்தப்பா மூஞ்சி எனக்குத் தெரியாது." அவ்வளவுதான். சரியாத்தான இருக்கு?